நடுவார்

"அந்தத் தோல்வார இழுய்யா, சாக்கு மாதிரி தொங்குது." வெர்னா இப்படிச் சொல்வாள் என்று ஆர்லன் காத்திருந்தான்.

அவள் சொல்லவில்லை.

தலையணையில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவன் மடியில் ஹிக்கரி மரத்தில் செய்த லக்ரோஸ் பந்தாட்ட மட்டை. அதன் வளைவில் பந்து தங்கும் பையைப் பின்னிக்கொண்டிருந்தான்.

மரமட்டையைப் பெண்கள் தொடக் கூடாது என்பது அவர்கள் குல வழக்கம். ஆகையால் கல்யாணமான நாளிலிருந்து, கைகளை அக்குளில் செருகிக்கொண்டு, வாய்ப்பேச்சாலேயே அவன் மட்டையைப் பின்னி வந்தவள் அவள். பிள்ளைகளின் பிளாஸ்டிக் மட்டைகளுக்கோ, அவர்களுடைய ஒனண்டாகா பழங்குடி ஊரில் பாதிப் பேர் அவளிடம்தான் வருவார்கள்.

போன வாரம்கூடத் திட்டினாள். "இதுல சோளக்கஞ்சி வடிகட்டலாம். கோல் போட முடியாது."

இன்றைய ஆட்டம் அவளுக்காக. நோயில் கிடப்பவர் எழுந்து நடமாட வேண்டும் என்று ஆடும் ஆட்டம். வீட்டுக்கு எதிரே, புல்வெளியில் ஆண்கள் கூடிவிட்டார்கள்.

காலையிலிருந்து அவள் எதையும் குறை சொல்லவில்லை. காபியைக்கூட.

அந்தப் பயத்தில்தான் அவன் வேண்டுமென்றே, பையின் நடுவே ஓடும் நடுவாரைத் தளர விட்டான். அப்படி விட்டால் பை ஆழமாகிவிடும். வீசும்போது பந்து உள்ளே சிக்கி, கோலுக்குப் போகாமல் காலடியில் விழும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பந்தைப் பையில் போட்டு, அவள் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான்.

"எப்படி இருக்கு?"

அவள் பார்த்தாள். நிதானமாக, மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"நல்லாருக்குப்பா. அப்படியே விடு."

அவள் எதிரிலேயே அவிழ்த்துக் கட்ட மனம் வரவில்லை. அவள் நெற்றியைத் தொட்டுவிட்டு, மட்டையுடன் வெளியே வந்தான்.

வெர்னாவின் தம்பி டுவைன் பார்த்த மாத்திரத்தில் சிரித்துவிட்டான்.

"என்ன மாமா, ஆட வந்தீங்களா, மீன் பிடிக்க வந்தீங்களா? அக்கா கண்ணுல பட்டா தோலை உரிச்சிடும்."

எல்லாரும் சிரித்தார்கள்.

"அவகிட்ட காட்டிட்டுத்தான் வரேன்" என்றான் ஆர்லன். "நல்லாருக்குன்னு சொல்லிட்டா."

சிரிப்பு நின்றது.

டுவைன் மட்டையை வாங்கி, புல்லில் மண்டியிட்டு, இறுக்கிக் கட்டுவதற்காக நடுவாரின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்க்க ஆரம்பித்தான். மற்றவர்கள் அவனைச் சுற்றி நெருங்கி நின்றுகொண்டார்கள், வெர்னா ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியாதபடி.