இறக்கைக்கு வெள்ளைத் துணி

"இஞ்சருங்க! நான் மௌத்தாப் போயிட்டனாம். வாசல்ல சனம் வந்து நிக்குது!"

தான் செத்துவிட்டதாக நாச்சியா போட்ட சத்தத்தில் ஜெஸீம் அறையை விட்டு வெளியே வந்தார். விரலெல்லாம் சாயம்.

ஓய்வு பெற்றதிலிருந்து மனுஷனுக்கு அந்த அறைதான் உலகம். முதலாம் உலகப் போர்க் காலத்துப் பட்டாளப் பிளேன் ஒன்றின் மாதிரியை, மேலும் கீழுமாக இரட்டை இறக்கையோடு, மூங்கிலைச் சீவிச் சீவிச் செய்துகொண்டிருந்தார். சீவல் சோற்றுக்குள்ளும் வந்தது. நாச்சியா வெறுத்துப்போய் அந்த அறைப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள்.

அவளுடைய ஒரே அண்ணன் முகைதீன்பாவா காக்கா, வளவு எல்லைச் சண்டையில் வருஷக்கணக்காக இந்த வாசலை மிதிக்கவில்லை. அந்தக் கவலை போதாதென்று இது வேறு.

"பிடவைக் கடையில போய் என்ன கேட்டீங்க?"

"கபன் துணி. இறக்கைய மூட வெள்ளையா, மெல்லிசா வேணுமே."

"றப்பே! மௌத்தானவங்களச் சுத்துற துணி! ஆருக்கு எண்டு ஸிராஜ் கேட்கல்லையா?"

"கேட்டான். 'ஊட்டுல. கனநாளாக் கிடக்கு, இண்டைக்கு மூடோணும்' எண்டன்."

நாச்சியா தலையில் அடித்துக்கொண்டாள். 'ஊட்டுல' என்றால் மனைவி என்றுதானே ஊரில் அர்த்தம்! போதாக்குறைக்கு, போன மாதம்தான் டெங்குவில் கிடந்து எழும்பியவள். கடைக்கார ஸிராஜ் ஊரெல்லாம் ஃபோன் எடுத்துவிட்டான்.

"பிளேனுக்கு எண்டு ஒரு சொல்லுச் சொன்னா வாய் தேஞ்சா போகும்?"

"நான் பொய் ஒண்டும் சொல்லல்லையே புள்ள."

அழுதுகொண்டு உள்ளே வந்த பக்கத்து வீட்டு றாஹிலா, நாச்சியாவைக் கண்டதும் "உம்மோய்!" என்று அலறித் திரும்பி ஓடினாள்.

அப்போதுதான் சனத்தை விலக்கிக்கொண்டு முகைதீன்பாவா ஓடி வந்தார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

"தங்கச்சி... நீ உசிரோடயா இருக்காய்?"

"ஓம் காக்கா. இந்த மனிசன் செஞ்ச வேலை..."

தங்கையின் தலையைப் பிடித்துக்கொண்டு காக்கா குழந்தை மாதிரி அழுதார். பகல் சோறு அங்கேதான் தின்றார். வளவைப் பற்றி ஒரு சொல் இல்லை. "பெருநாளைக்குப் புள்ளைகளோட வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாச்சியாவுக்கு மனம் நிறைந்தாலும் புருஷன் மேலிருந்த கோபம் ஆறவில்லை. துணிப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனாள்.

"இந்தாங்க, ஊரையே கூட்டி வாங்கின துணி! மூடித் தொலைங்க உங்கட பிளேன!"

மேசையைப் பார்த்தவள் அப்படியே நின்றாள். நாலு இறக்கையும் மூடி, சாயமும் பூசியாயிற்று.

"துணி கனம் புள்ள," என்றார் ஜெஸீம், தலை நிமிராமல். "பிளேனுக்கு மெல்லிசுக் கடதாசிதான். போன கிழமையே ஒட்டிட்டன்."