வெள்ளை சேர்த்த பச்சை

எட்வின் செய்துகொண்டிருந்த பொம்மை ரயில் நிலையத்தில் ஒரே ஒரு பெண்தான் நின்றாள், விரல் நக உயரத்தில். அவள் சேலைக்கு ஏற்ற பச்சை மட்டும் எந்தக் கடையிலும் அகப்படவில்லை.

"சேலையக் கொண்டாந்தீங்கன்னா அதப் பாத்துக் கலந்து தரேன் சார்," என்றாள் பெயின்ட் கடை மெஹர். "சின்ன பொம்மைக்குக் கொஞ்சம் வெள்ளை சேக்கணும். இல்லன்னா கறுத்துத் தெரியும். தூரம் போகப் போக நிறம் வெளுக்கும்ல."

"சேலை எங்கிட்ட இல்லம்மா. நான் ஏறின ரயில் நகர நகர, பிளாட்பாரத்துல நின்னவ இந்தப் பொம்மை அளவுக்குச் சின்னதாயிட்டா. அப்பத் தெரிஞ்ச பச்சைதான் வேணும்."

மெஹர் பச்சையில் வெள்ளையைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். மூன்றாவது சொட்டு விழுந்ததும் எட்வின் கை நீட்டித் தடுத்தான்.

"அந்தப் பச்சை வந்துருச்சா சார்?"

"இல்ல. இந்தப் பச்சையில இன்னும் அவ முகம் தெரியுது. கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்."