எத்தனை தையல்?

"அந்தப் பெரியவரை என்ன பண்ணின?"

மேனேஜர் லியாவ் கருத்து அட்டையை மேசைமேல் போட்டார். சீனாவின் யாங்ஷுவோவில் ஆற்றைப் பார்த்தபடி இருக்கும் அந்தச் சின்ன ஹோட்டலின் பணியாட்கள் எட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். நடுவில் யூஃபென். காலை உணவுக் கூடத்தில் பரிமாறுகிறவள். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்.

"சாப்பிடற குச்சியால கடலை எடுக்கக் கத்துக் குடுத்தேன், மேனேஜர்."

"கடலை எடுத்தா தையல் போடுவாங்களா?"

அட்டை, பன்னிரண்டாம் அறைக் கனடாக்காரம்மா எழுதியது. ஆங்கிலத்தில் ஒரே வரி. லியாவ் அதை எல்லோருக்கும் சீனத்தில் சொன்னார்.

"'உங்கள் பணிப்பெண் என் கணவருக்குத் தையல் வரவைத்துவிட்டாள்.' ஸ்டிச்சஸ்னு எழுதியிருக்கு. அகராதியிலயும் பாத்துட்டேன். காயத்துக்குப் போடற தையல்."

யாரும் சந்தேகப்படவில்லை. அங்கே ஆங்கிலம் என்றால் லியாவ்தான். படகுத் துறையில் டிக்கெட் கிழித்த காலத்தில் வெள்ளைக்காரர்களிடம் காதால் கேட்டே கற்றுக்கொண்டவர். செவ்வாய்தோறும் மத்தியானம் இவர்களுக்கு வகுப்பு எடுப்பதும் அவர்தான்.

போதாததற்கு, அன்று புதன்கிழமை காலை கண்ணாடிக் கதவு வழியாக அவரே பார்த்திருந்தார். பெரியவர் விலாவைப் பிடித்துக்கொண்டு மேசைமேல் குனிந்திருந்தார். கண்ணில் நீர். பக்கத்தில் யூஃபென், கையில் குச்சியோடு.

"குச்சி எங்க குத்திச்சு?"

யூஃபென் வாயைத் திறந்தாள். சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"மன்னிச்சிடுங்க, மேனேஜர்."

பதில் இல்லை என்றால் குற்றம் இருக்கிறது என்று லியாவ் முடிவு கட்டினார்.

"இன்னிலேர்ந்து நீ பாத்திரம் கழுவற இடத்துல. அவங்க மலைப்பக்கம் போயிருக்காங்க. சனிக்கிழமை பெட்டி எடுக்க வருவாங்க. போலீஸ் அது இதுன்னு பேசினாங்கன்னா உன் வேலை போச்சு."

சனிக்கிழமை வாசலில் பழக்கூடையோடு லியாவே காத்து நின்றார். பெரியவர் வண்டியிலிருந்து இறங்கி நன்றாகத்தான் நடந்து வந்தார். கட்டு ஒன்றும் கண்ணில் படவில்லை. சட்டைக்குள் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"ஐயா, எங்க பொண்ணு பண்ணினதுக்கு மன்னிக்கணும். எத்தனை தையல்?"

"என்ன தையல்?"

லியாவ் அட்டையை நீட்டினார். அந்தம்மா படித்தாள். கணவரைப் பார்த்தாள். அவ்வளவுதான், இரண்டு பேராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"காயம் இல்லீங்க. விலா நோகச் சிரிக்க வச்சான்னு சொல்றதுக்கு எங்க பேச்சுல இப்படி ஒரு வழக்கு. இவர் எடுக்கற கடலையெல்லாம் பறக்குது. 'இப்படிப் பிடிங்க'ன்னு காட்ட வந்த அந்தப் பொண்ணோட கடலை நேரா என் காப்பியில விழுந்துச்சு." அந்தம்மா குரலைத் தாழ்த்தினாள். "குளிர்காலத்துல இவரோட தம்பி போயிட்டாரு. அதுக்கப்புறம் இவர் சிரிச்சு நான் பாக்கவே இல்ல. அதான் எழுதினேன்."

லியாவுக்குக் காது மடல் சுட்டது.

பின்கட்டுக்குப் போகும் வழியில் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டார்.

"யூஃபென், நான் அவங்ககிட்ட உனக்காகப் பேசினேன். காயம் பெருசா ஒண்ணும் இல்லையாம். போனாப் போகட்டும்னு விட்டுட்டாங்க. நாளைக்குக் கூடத்துக்கு வந்துடு."

"ரொம்ப நன்றி, மேனேஜர்." ஈரக் கையோடு தலையைத் தாழ்த்தினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

தப்பித்தோம் என்று வெளியே வந்து பிளாஸ்டிக் திரையைத் தாண்டினார். உள்ளே பாத்திரம் கழுவும் நோங் அக்காவின் குரல்.

"அப்ப சின்னதா ஏதோ காயம் இருந்திருக்கு, இல்ல?"

"காயமே இல்லக்கா. சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்கறதுக்குத்தான் அப்படிச் சொல்வாங்க. மொபைல்ல நான் ஒரு பாடம் கேக்கறேன். சிரிப்புக்கு மட்டும் இங்கிலீஷ்ல இருபது விதமா சொல்லித் தராங்க. போன மாசமே இது வந்துடுச்சு."

குழாய் நின்றது.

"அடிப்பாவி. இங்க வந்து மூணு நாளா தேய்ச்சுக் கை வெந்து போச்சே. அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?"

"எட்டுப் பேரை வச்சுக்கிட்டா? செவ்வாய்க்கிழமை வகுப்புல கரும்பலகைகிட்ட நிக்கும்போது அவர் முகத்தைப் பாத்திருக்கீங்களா? அடுத்த வாரம் எப்படிக்கா அங்க போய் நிப்பாரு? தனியா சொல்லலாம்னு ரெண்டு தடவை அவர் ரூமுக்குப் போனேன். ரெண்டு தடவையும் உள்ள ஆள் இருந்துச்சு. இப்ப அவருக்கே தெரிஞ்சிருக்கும். விடுங்கக்கா. நீங்களும் யார்கிட்டயும் சொல்லாதீங்க."

லியாவ் திரைக்கு இந்தப் பக்கமே நின்றார்.

சாயங்காலம் எல்லோரையும் பலகை இருக்கும் அறைக்கு வரச்சொன்னார். செவ்வாய்க்கிழமை இல்லையே என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள்.

லியாவ் சாக்பீஸை யூஃபென் கையில் கொடுத்தார். நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு எட்டுப் பேருக்கு நடுவில் உட்கார்ந்தார்.

"புதன்கிழமை எனக்கு ஒரு வார்த்தை தெரியல," என்றார். "அவளுக்குத் தெரிஞ்சிருந்தது. சொல்லிக் குடும்மா, நாங்க எழுதிக்கறோம்."