இரண்டாவது கத்தி

மீட்புப் பணியாளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு மடக்குக் கத்திகள். முதல் கத்தி தினசரி வேலைக்கு. இரண்டாவதை, உயிர் போகிற நேரத்துக்கென்று கூர் கெடாமல் வைத்திருப்போம். புதிதாகக் கொடுத்த கத்திகள் தங்கள் பயன்பாட்டைத் தாங்களே பதிவு செய்தன. முப்பது நாள் எதையும் வெட்டாத கத்தி, தேவையற்றது என்று தானாகப் பூட்டிக்கொள்ளும்.

அதனால் ஜெயசீலன் அண்ணன் தினமும் தன் இரண்டாவது கத்தியால், நிலையத்துச் சமையல் மேடைக் கல்லில் வெங்காயம் நறுக்கினார்.

"நீயும் நறுக்கு பொற்கொடி. இல்லேன்னா பூட்டிக்கும்."

எனக்கு மனம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை, கவிழ்ந்த வேனுக்குள் ஒரு பெண் சீட் பெல்ட்டில் கழுத்து இறுகித் தொங்கினாள். என் முதல் கத்தி கம்பியில் பட்டு ஒடிந்தது. இரண்டாவது திறக்கவில்லை. அண்ணன் தன் இரண்டாவது கத்தியைக் கொடுத்தார். அது உடனே திறந்தது, ஆனால் மழுங்கிப்போயிருந்தது. பெல்ட் அறுந்தபோது அவளுக்கு மூச்சு இல்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரி கணினித் திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஜெயசீலன் கத்தி திறந்துச்சா, இல்லையா?"

"திறந்துச்சு சார். வெட்டல."

"திறந்துச்சில்ல? அப்ப கத்தி மேல குத்தம் இல்ல. உன்னோடது முப்பத்தாறு நாளா சும்மா கிடந்திருக்கு. அவரப் பாத்துக் கத்துக்கம்மா. ஒரு நாள் விடாம வேலை பாத்திருக்காரு."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். நான் அவருடைய கத்தியை விரித்து அதிகாரியின் மூக்கருகே நீட்டினேன். அப்போதுதான் அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்தார்.

"மோந்து பாருங்க சார். என்ன வேலைன்னு தெரியும்."