சென்னையில் பத்து நாள்

தாஸிம் சென்னைப் பயணத்துக்குச் செலவுக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். முப்பது வருசக் குடித்தனத்தில் மனைவி லுத்பியாவைப் பக்கத்திலிருக்கும் கொட்டாஞ்சேனையைத் தாண்டி எங்கும் சுற்றிக்காட்டக் கூட்டிப் போனதில்லை.

"பிளேன் டிக்கட், போக வர ரெண்டு பேருக்கு. ரூம் பத்து நாளைக்கு. சாப்பாடு, ஆட்டோ..." என்று வாசித்தார்.

லுத்பியா தாளை எட்டிப் பார்த்தாள். "கைச்செலவுக்கு மட்டும் எட்டு லட்சமா? சென்னையையே விலைக்கு வாங்கப் போறீங்களா?"

"பெரிய ஊர்தானே. கொஞ்சம் கூடவே கையில ஈக்கட்டும்."

"மகள் அர்பாட கலியாணத்துக்குச் சேத்த சல்லி அது. இஞ்ச தாங்க, நான் குறைக்கிறேன்."

பேனாவை வாங்கி, டிக்கட் வரியில் 'போக இரண்டு, வர ஒன்று' என்று திருத்தினாள்.

"என்ன, அங்கயே ஊடு வாங்கிக் குடியிருக்கப் போறியா?" என்று தாஸிம் சிரிக்கப் பார்த்தார்.

லுத்பியா சிரிக்கவில்லை.

"அலுமாரியில நீங்க ஒளிச்சு வெச்ச என்ட ரிப்போர்ட்டப் போன வெள்ளிக்கிழமையே வாசிச்சிட்டேன். டொக்டர் கையை விரிச்சிட்டார். நீங்கதான் சென்னையில இன்னொரு ஆஸ்பத்திரியைத் தேடுறீங்க. உங்கட ஆசைக்கு நான் வாறேன்."

தாஸிம் அவள் திருத்திய வரியை அடிக்கப் பேனாவுக்குக் கை நீட்டினார்.

"ஆனா நான் மௌத்தானா அங்கயே, அன்டைக்கே அடக்கிடுங்க. என்ட ஜனாஸாவை ஊருக்குக் கொண்டு வாறேண்டு சல்லியைக் கரைக்க வேணாம்."

தாளை அவர் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"என்னப் போத்தி அடக்க, தங்கச்சி மக்காவில இருந்து கொண்டந்த கபன் துணியைப் பெட்டியில வெச்சிட்டேன். அதுக்கும் ஒண்டும் எழுதாதீங்க."