கவர் மேல் பெயர்

கசாயத்தை முந்திரி கடைசியாக உயிரோடு பார்த்தது, கல்லூரி வாசலுக்கு எதிரே இருந்த அவருடைய மருந்துக் கடையில்தான். அன்று முந்திரி கத்திவிட்டுத்தான் வந்தார்.

இரண்டும் படிக்கிற காலத்தில் விழுந்த பட்டப்பெயர்கள். சிரிப்பே வராத முகம் என்பதால் ஒருவர் கசாயம். கேள்வி முடியும் முன்பே பதில் சொல்கிற முந்திரிக்கொட்டை என்பதால் மற்றவர் முந்திரி. கசாயம் கடை வைத்தார். முந்திரி தாங்கள் படித்த பார்மசி கல்லூரிக்கே முதல்வர் ஆனார்.

அந்த மாதம் முதல்வருக்குக் கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. மாணவர்கள் பழகுவதற்கு ஒரு பயிற்சி மருந்தகம் வேண்டும்; இல்லாவிட்டால் அடுத்த வருஷம் சேர்க்கை கிடையாது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். பல்கலைக்கழகம் கையை விரித்துவிட்டது. நன்கொடை கேட்டு அலைந்தார். பழைய மாணவர்கள், "பார்க்கலாம் சார்" என்றார்கள். ஒரு மருந்துக் கம்பெனி, தன் பெயர் போட்ட சுவர்க் கடிகாரம் ஒன்றைக் கொடுத்து அனுப்பியது.

கடைசியில் கசாயத்தின் கடைக்கு வந்தார். அங்கே ஒரு பெண் மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"யாருக்கும்மா?"

"என் பொண்ணுக்குங்க."

"பேரு? வயசு?"

கசாயம் மாத்திரையைக் கவரில் போட்டு, மேலே குழந்தையின் பெயரை நிறுத்தி நிதானமாக எழுதினார். கடைப் பெயர்கூட அச்சடிக்காத வெறும் வெள்ளைக் கவர். முந்திரி பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார்.

பெண் நகர்ந்ததுதான் தாமதம்.

"டேய் கசாயம், எனக்கு நேரமில்லடா. நேரா விஷயத்துக்கு வர்றேன். காலேஜுக்கு மருந்தகம் கட்டணும். நீ பெருசா ஏதாவது செய். வாசல்ல பளிங்குக் கல்லுல உன் பேரைப் பொறிச்சுடறேன்."

கசாயம் காதில் செருகியிருந்த பேனாவை எடுத்தார். புதுக் கவர் ஒன்றையும் எடுத்தார். கண்ணாடிக்கு மேலாக நண்பனைப் பார்த்தார்.

"யாருக்கு?"

முந்திரிக்குச் சுருக்கென்றது.

"என்னடா கேள்வி இது? நான் வாங்கி வாயில போட்டுக்குவேன்னு நினைக்கிறியா?"

"யாருக்குன்னுதானே கேட்டேன். சொல்லேன்."

"எனக்குத்தான்! போதுமா? எனக்கேதான்! உன் காசை நீயே வெச்சுக்க!"

கசாயம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முந்திரி அதற்குள் பாதிச் சாலையைக் கடந்துவிட்டார்.

ஆசிரியர் அறையில் ஒரு வாரம் அதே பேச்சு. "அவனா கொடுப்பான்? இருமல் வந்தாக்கூட அளந்துதான் இருமுவான்!" என்று முந்திரி சொல்லச் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். முந்திரிக்கு மட்டும் சிரிப்பு சீக்கிரம் நின்றுபோனது. சேர்க்கை நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

கசாயம் ஆஸ்பத்திரியில் இருப்பதாக யாரோ சொன்னார்கள். நாளைக்குப் போய்ப் பார்க்கலாம் என்று இருந்தார். நாளைக்கு வேறொரு பணக்காரரைப் பார்க்க வேண்டியிருந்தது. அதற்கடுத்து வந்தது சாவுச் செய்தி.

துக்க வீட்டில் நல்ல கூட்டம். மருந்து மொத்த வியாபாரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முந்திரியின் கை தன்னையறியாமல் பைக்குள், நன்கொடைத் துண்டறிக்கைகள் இருந்த பக்கம் போனது. வெடுக்கென்று வெளியே இழுத்துக்கொண்டார்.

கசாயத்தின் மகள் வந்தாள். அழுது வீங்கிய முகம்.

"மாமா, கொஞ்சம் உள்ள வாங்க."

உள்ளறையில் அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"காலேஜுக்கு மருந்தகம் கிடைச்சுதா மாமா?"

"அந்தப் பேச்சு இப்ப எதுக்கும்மா?"

"கடையை உங்களுக்குக் கொடுத்துட்டாரு அப்பா. வக்கீலை ஆஸ்பத்திரிக்கே வரவழைச்சு முடிச்சுட்டாரு. அலமாரி, தராசு, ஃப்ரிட்ஜ், உள்ள இருக்கிற மருந்து, எல்லாத்தோடயும்."

"எனக்கா? எனக்கு எதுக்கும்மா கடை?"

"யாருக்குன்னு கேட்டாராமே. எனக்கேதான்னு நீங்க சொன்னீங்களாம். 'முந்திரி பொய் சொல்ல மாட்டான், அவசரந்தான் படுவான். அவன் சொன்ன பேருலயே எழுதுங்க'ன்னாரு."

முந்திரி அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

சீட்டை நீட்டுகிறவர் எல்லோரும் நோயாளி இல்லை, கை மருந்தை எடுக்கும் முன் வாய் "யாருக்கு?" என்று கேட்க வேண்டும். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பேரும் படித்த முதல் பாடம். வருஷா வருஷம் முதல் வகுப்பில் அவரே நடத்துகிற பாடம்.

"பசங்களுக்கும்மா," என்றார். "பசங்களுக்குன்னு அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

"இப்ப சொல்லிட்டீங்கல்ல."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு சட்டென்று எழுந்தார். "உங்கப்பா பேரை நல்லா பெருசா, பளிங்குக் கல்லுல…"

"வேணாம் மாமா." அவள் தலையாட்டினாள். "கவர் மேல எழுதறது கொடுக்கறவர் பேரு இல்லையே. யாருக்கோ அவங்க பேருதானே."

சேர்க்கை நடந்தது. கல்லூரி வாசலுக்கு எதிரே, பயிற்சி மருந்தகத்தின் முகப்பில் இன்றும் ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது: மாணவர்களுக்கு.