எட்டு வெப்சைட்

துணி வெளுக்கும் பெராக்சைடு டிரம்களை வெயிலில் அடுக்கியது தப்பு என்று லேப் மோகனப்பிரியா சொன்னதும், சாய ஆலை மேலாளர் கௌதமனுக்குச் சுருக்கென்றது. செல்போனை நீட்டினார்.

“எட்டு வெப்சைட்டுல, வெயில்ல வைக்கலாம்னு போட்டிருக்குதுங்க அம்மணி.”

“டிரம்முல ஒட்டியிருக்கற லேபிளைப் படிங்க சார். சூடேறினா வெடிச்சுருமுங்க.”

“எட்டுப் பேருமா தப்பாச் சொல்லுவாங்க?”

“ஒரு பொண்ணு தப்பா எழுதினதை மத்த ஏழு பேரும் காப்பியடிச்சிருக்காங்க.”

கௌதமன் லேபிளைப் படித்தார். ஆட்களைக் கூப்பிட்டு டிரம்களை நிழலுக்கு மாற்றச் சொன்னார். கோபம் மட்டும் ஆறவில்லை.

“யாருங்க அந்தப் பொண்ணு? மெயில் போட்டு அழிக்கச் சொல்லோணும்.”

“காலேஜ் படிக்கறப்ப அவசரத்துல எழுதினதுங்க. நாலு வருசமா அழிக்கத்தான் பார்க்கறேன்,” என்றாள் மோகனப்பிரியா. “பாஸ்வேர்டு ஞாபகம் வர மாட்டேங்குதுங்க.”